மதுபோதை வழக்கு: குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜார்ஜ்டவுன் - "குற்றத்தை ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டு வந்திடு தம்பி, வேலை முடிஞ்சிடும்." மதுபோதையில் வாகனமோட்டிப் பிடிபட்டவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். ஒரு காலத்தில் இந்த யோசனை ஓரளவு பொருந்தியது. இன்று அப்படியல்ல. லோரி, பஸ், வேன் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒருவருக்கு அந்த ஒரு வார்த்தையால் வேலையே போய்விடலாம்.

2020இல் வந்த மாற்றம்

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2020 அக்டோபர் 23இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுச்சாரம் வரை அனுமதி இருந்தது. இப்போது எல்லை 50 மில்லிகிராம். மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்த எல்லை 22 ஆனது. சிறுநீரில் 107 மில்லிகிராமாக இருந்தது 67 ஆனது.

எல்லையைத் தாண்டி வாகனமோட்டுவது 45ஏ பிரிவின் கீழ் குற்றம். முன்பு அபராதம் 1,000 முதல் 6,000 வெள்ளி வரை இருந்தது. இப்போது முதல் குற்றத்திற்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம். இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். வாகனமோட்டும் உரிமம் குறைந்தது இரண்டாண்டுகளுக்குப் போய்விடும். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு, மிகக் குறைந்த அபராதமே ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம்.

விபத்தில் ஒருவர் காயமடைந்தால் 7 முதல் 10 ஆண்டுகள் சிறை, 30,000 முதல் 50,000 வெள்ளி அபராதம். உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டுகள் சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி அபராதம். இவை முதல் முறை குற்றம் செய்தவருக்கான தண்டனைகள்.

சட்டத்திற்குக் காரும் மோட்டார் சைக்கிளும் ஒன்றுதான். பீர், விஸ்கி, சம்சு, கள்ளு என்ற பேதமும் கிடையாது. இரத்தத்தில் உள்ள மதுச்சாரத்தின் அளவு மட்டுமே கணக்கு.

இரவு குடித்தது காலையில்

உடம்பு மதுச்சாரத்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். கல்யாண விருந்தில் குடித்து, நள்ளிரவில் 150 மில்லிகிராம் அளவில் படுத்தவருக்கு விடியற்காலை 5 மணிக்கு இன்னும் 75 இருக்கும். ஷிப்டுக்கு லோரியை எடுக்கும்போது அவர் எல்லையைத் தாண்டியவர்தான். கோப்பியோ குளியலோ தூக்கத்தைத்தான் கலைக்கும், அளவைக் குறைக்காது.

சோதனை எப்படி நடக்கும்?

முதல் கட்டம் சாலையிலேயே நடக்கும். வாகனமோட்டி மது அருந்தியிருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலோ, அவர் போக்குவரத்துக் குற்றம் செய்திருந்தாலோ, விபத்தில் சிக்கியிருந்தாலோ, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி ஊதச் சொல்லலாம். இது முன்சோதனை. அளவு கூடியிருப்பதாகத் தெரிந்தால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம்.

அடுத்த கட்டம்தான் வழக்கிற்கான சாட்சியம். போலீஸ் நிலையத்தில் அங்கீகரிக்கப்பட்ட கருவியில் இரண்டு முறை ஊத வேண்டும். இரண்டில் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரத்தம் அல்லது சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டு இரசாயனத் துறை ஆய்வுக்குப் போகும். அடிபட்டு மருத்துவமனையில் கிடப்பவரிடம், சிகிச்சை தரும் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் மாதிரி கேட்க முடியாது.

தகுந்த காரணமின்றி ஊத மறுப்பதும், மாதிரி தர மறுப்பதும் தனிக் குற்றம். "ஊதாவிட்டால் சாட்சியமே இருக்காது" என்பது ஆபத்தான யோசனை.

கைதானவரின் உரிமை

எதற்காகக் கைது என்று தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரைக் கலந்துபேசவும் அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு உரிமை தருகிறது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றி 24 மணி நேரத்திற்கு மேல் தடுத்து வைக்க முடியாது. குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் சொல்லவும் கேட்கலாம்.

பெயர், முகவரி, அடையாள அட்டை விவரங்களைத் தந்துவிடுங்கள். "எத்தனை கிளாஸ் குடித்தாய்?" போன்று, உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விகளுக்கு வாக்குமூலத்தில் பதில் தர மறுக்கலாம். சுருங்கச் சொன்னால், பேசாமல் இருக்கலாம், ஊதாமல் இருக்க முடியாது.

தற்காப்பில் எதைப் பார்ப்பார்கள்?

வழக்கை நிரூபிக்க வேண்டியது அரசு தரப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் சட்டம் அவர்கள் பக்கம் சாய்கிறது. சோதனையில் வந்த அளவுக்குக் குறையாத மதுச்சாரம் வாகனமோட்டும்போதும் இருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். அதை மறுக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது.

வழக்கறிஞர் பொதுவாகப் பார்ப்பவை இவை: வாகனத்தை ஓட்டியது உண்மையில் இவர்தானா? கருவி அங்கீகரிக்கப்பட்டதா, முறையாகச் சரிபார்க்கப்பட்டதா? ஊதுவதற்குச் சற்று முன் குடித்ததோ வாய் கொப்பளித்த மருந்தோ வாயில் தங்கியிருந்ததா? இரத்த மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பெயர்ச்சீட்டு சரியா? மாதிரியில் ஒரு பங்கைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்டிருந்தால் அது கொடுக்கப்பட்டதா?

நிறுத்திய காரில் போதையோடு தூங்கியவர் மீதும், வாகனம் அவர் பொறுப்பில் இருந்ததாக வழக்கு வரலாம். போதை தெளியும்வரை ஓட்டும் வாய்ப்பே இல்லை என்பதையும், போதை ஏறியபின் சாலையில் ஓட்டவில்லை என்பதையும் அவர் நிரூபித்தால் தப்பலாம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவுப்படி, போலீஸ் புகாரின் நகலையும் அரசு தரப்பு தாக்கல் செய்யவிருக்கும் ஆவணங்களையும் விசாரணை தொடங்கும் முன் தந்தாக வேண்டும். அவற்றைப் படித்த பிறகே ஒப்புக்கொள்வதா, விசாரணை கோருவதா என்று முடிவெடுப்பது நல்லது. சாட்சியம் வலுவாக இருந்தால் ஒப்புக்கொள்வதே சரியாகவும் இருக்கலாம். ஆனால் நான்கு பிள்ளைகள், வயதான தாய் என்று எவ்வளவு மன்றாடினாலும், சட்டம் விதித்த குறைந்தபட்ச அபராதத்திற்குக் கீழே மாஜிஸ்திரேட் இறங்க முடியாது.

வழக்கறிஞரை வைக்க வசதியில்லையா? தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் தகுதியுள்ள மலேசியர்களுக்குக் கைது, தடுப்புக் காவல், ஜாமீன் கட்டங்களிலிருந்தே உதவுகிறார்கள். பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் நாடலாம். லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிட்ட பிறகு ஆள் தேடாதீர்கள். கைதான அன்றே வீட்டிலிருந்து ஒருவர் தொலைபேசியை எடுக்கட்டும்.

எந்தத் தற்காப்பும் சாலையில் போன உயிரைத் திருப்பித் தராது. நிபோங் திபாலிலிருந்து விருந்துக்கு வந்தவர் வண்டியைப் போட்டுவிட்டு கிரேப்பில் வீடு திரும்ப ஆகும் செலவு, 10,000 வெள்ளிக்கு முன் ஒன்றுமேயில்லை.