ஐகோர்ட்டு தீர்ப்பு: எது நிலைத்தது? எது மாறியது? ஓரிக்கை மக்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம்

காஞ்சீபுரம்,

காஞ்சீபுரத்தை ஒட்டி பாலாற்றங்கரையில் உள்ள ஓரிக்கைக்கு அந்த பெயர் வந்ததே ஒரு உத்தரவால்தான். பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரை விட்டு வெளியேற சொன்னான். அவர் பின்னாலேயே குரு திருமழிசை ஆழ்வாரும், பெருமாளும் கிளம்பி விட்டார்கள். ஓர் இரவு இங்கே தங்கினார்கள். மன்னன் பயந்து போய் உத்தரவை வாபஸ் வாங்கினான். ஓர் இரவு இருக்கை என்பதே ஓரிக்கை ஆனது என்கிறது தல வரலாறு.

மன்னன் உத்தரவே ஒரு ராத்திரியில் மாறும்போது, கோர்ட்டு உத்தரவும் மேல்கோர்ட்டில் மாறத்தான் செய்யும். ஆனால் "ஐகோர்ட்டே சொல்லிடுச்சுப்பா" என்று டீக்கடையில் பேசுபவர்கள் அந்த தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பது இல்லை. அரைகுறையாக கேட்டதை நம்பி வீட்டை இழந்தவர்களும் உண்டு, வழக்கில் மாட்டியவர்களும் உண்டு.

சென்னை ஐகோர்ட்டின் சில முக்கிய தீர்ப்புகளும் அவற்றின் நிலையும் வருமாறு:-

வீட்டு வேலை செய்த மனைவிக்கும் பங்கு

கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி ஊரில் இருந்து குடும்பத்தை கவனித்தார். அந்த பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்று தகராறு வந்தது. 2023 ஜூன் மாதம் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி பரபரப்பு தீர்ப்பு கூறினார். மனைவி வீட்டை பார்த்துக் கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாக சம்பாதிக்க முடிந்தது, அந்த உழைப்பும் சொத்து வாங்க உதவியதாகவே கருதப்படும் என்று கூறி, வழக்கில் இருந்த சில சொத்துக்களில் மனைவிக்கு சரிபாதி பங்கு வழங்கினார்.

தறி ஓடும் வீடுகளுக்கு இது ரொம்ப முக்கியம். தார் சுற்றுவது, நூல் இழைப்பது என்று பெண்கள் செய்யும் வேலைக்கு தனியாக கூலி கிடையாது. சேலைக்கான கூலி பெரும்பாலும் கணவர் கைக்கு போகும். மனையும் அவர் பெயரில்தான் இருக்கும்.

ஆனால் இதற்கென்று தனி சட்டம் எதுவும் இல்லை. வழக்கு போட்ட உடனே பாதி வந்து விடாது. சொத்து எப்போது வாங்கியது, பணம் எப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டும். ரசீது, பாஸ்புத்தகம், நகை விற்ற சீட்டு எதையும் தூக்கிப் போடக் கூடாது.

கணவரை இழந்த பெண்ணை கோவிலில் தடுக்க முடியாது

ஈரோடு மாவட்டம் நம்பியூர் பகுதி கோவிலில், பூசாரியாக இருந்த கணவர் இறந்ததால் திருவிழாவுக்கு வரக்கூடாது என்று ஒரு பெண்ணை தடுத்தனர். 2023 ஆகஸ்டு மாதம் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதை கடுமையாக கண்டித்தார். கணவர் இறந்தாலும் பெண்ணுக்கு தனி மரியாதையும் அடையாளமும் உண்டு, தடுப்பவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்று உத்தரவிட்டார். திருவிழாவில் இப்படி யாராவது தடுத்தால், தயங்காமல் போலீசில் புகார் கொடுக்கலாம்.

அத்திவரதர் தரிசனம் நீட்டிப்பு இல்லை

40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் அத்திவரதர், 2019 ஜூலை 1-ந்தேதி முதல் வரதராஜ பெருமாள் கோவிலில் காட்சி தந்தார். லட்சக்கணக்கில் கூட்டம் திரண்டதால் நாட்களை நீட்டிக்க வேண்டும் என்று ஐகோர்ட்டில் மனு போடப்பட்டது. கோர்ட்டு மனுவை தள்ளுபடி செய்தது. ஆகஸ்டு 17-ந்தேதி அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துக்கு திரும்பினார். கோவில் பழக்கவழக்கத்தில் கோர்ட்டு எளிதில் தலையிடாது என்பதற்கு இது உதாரணம்.

சாம்சங் தொழிலாளர் சங்கம்

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை பதிவு செய்து தராமல் இழுத்தடிப்பதாக ஐகோர்ட்டுக்கு போனார்கள். 6 வாரத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உத்தரவு வந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதிகாரி மனுவை கிடப்பில் போட்டால் ஐகோர்ட்டில் கெடு வாங்கலாம் என்பதே இதில் உள்ள பாடம்.

செல்போனில் ஆபாச வீடியோ: ஏமாற வேண்டாம்!

இளைஞர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டியது இது. குழந்தைகள் ஆபாச படத்தை டவுன்லோடு செய்து பார்ப்பது மட்டும் குற்றம் ஆகாது என்று 2024 ஜனவரியில் ஐகோர்ட்டு ஒருவரை வழக்கில் இருந்து விடுவித்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது.

ஆனால் 2024 செப்டம்பர் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த தீர்ப்பை ரத்து செய்து விட்டது. அப்படிப்பட்ட படத்தை அழிக்காமல், புகாரும் தெரிவிக்காமல், பகிரும் நோக்கத்துடன் வைத்திருந்தாலே போக்சோ சட்டப்படி குற்றம்தான். தகவல் தொழில்நுட்ப சட்டப்படி, முதல் முறை சிக்கினாலே 5 ஆண்டு வரை ஜெயில் தண்டனையும், ரூ.10 லட்சம் வரை அபராதமும் கிடைக்கலாம். "ஐகோர்ட்டு சொன்னதைத்தானே நம்பினோம்" என்று சொல்லி தப்பிக்க முடியாது.

வாச்சாத்தி: 31 ஆண்டு காத்திருப்பு

தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி மலை கிராமத்தில் 1992 ஜூன் மாதம் வனத்துறை, போலீஸ், வருவாய் துறையினர் புகுந்து அராஜகம் செய்தனர். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டனர். 2011-ல் தர்மபுரி கோர்ட்டு 215 பேருக்கு தண்டனை கொடுத்தது. அப்பீல் வழக்கில் நீதிபதி வேல்முருகன் கிராமத்துக்கே நேரில் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ந்தேதி தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு தலா ரூ.10 லட்சம் வழங்க உத்தரவிட்டார்.

காஞ்சீபுரம் டி.எஸ்.பி. விவகாரம்

2025 செப்டம்பரில் காஞ்சீபுரமே பரபரப்பானது. வன்கொடுமை தடுப்பு சட்ட வழக்கில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கூறி, டி.எஸ்.பி.யை காவலில் வைக்க மாவட்ட கோர்ட்டு உத்தரவிட்டது. அந்த மாதமே ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. உத்தரவு போட்டது நீதிபதியே ஆனாலும் மேல்கோர்ட்டு கேள்வி கேட்கும்.

அப்பீலுக்கு எத்தனை நாள்?

சிவில் வழக்கில் மாவட்ட கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள், ஐகோர்ட்டில் 90 நாள். கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவர் செசன்சு கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள், ஐகோர்ட்டில் 60 நாள். ஐகோர்ட்டு தீர்ப்பை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு போக பொதுவாக 90 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் இந்த கணக்கில் சேராது. நாள் தப்பினால் சரியான காரணம் காட்ட வேண்டி வரும். எனவே தீர்ப்பு வந்த கையோடு நகலுக்கு மனு போட்டு விட வேண்டும்.

வக்கீலுக்கு கொடுக்க காசு இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியது இல்லை. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் வருமான கணக்கு பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறலாம். இதற்கு 15100 என்ற எண்ணில் பேசலாம். கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவையும் அணுகலாம்.

தீர்ப்பு செய்தி காதில் விழுந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எந்த கோர்ட்டு சொன்னது? எந்த வருஷம் சொன்னது? மேல்கோர்ட்டு அதை மாற்றி விட்டதா? மூன்றுக்கும் பதில் தெரியாமல் வீட்டு பத்திரத்தில் கையெழுத்து போடுவதும், வழக்கை வேண்டாம் என்று விடுவதும் ஆபத்து என்பது குறிப்பிடத்தக்கது.