மில் சங்கும் சைக்கிள் ஸ்டாண்டும்

ராஜபாளையத்தில் என் வயதை ஒத்தவர்களுக்கு மில் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் வீடுகளில் அடுப்பு பற்றும், தூக்குவாளி நிறையும், தெருவில் சைக்கிள்கள் கிளம்பும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியது 1936-இல். பொழுதைப் பார்த்து நாளை நடத்திய விவசாய ஊர், மெல்ல மெல்லச் சங்குக்குப் பழகியது.

என் பக்கத்து வீட்டு அண்ணாச்சி மில்லில் முப்பது வருஷம் உழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும், சங்குச் சத்தம் கேட்டால் தன் கை தானாகத் தூக்குவாளியைத் தேடுவதாகச் சொல்லிச் சிரிப்பார். ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்கள் இதை ஆக்கநிலையுறுத்தல் என்கின்றன. ‘பழகிப்போச்சு’ என்பது நம் சொல்.

இதை முறையாக ஆராய்ந்தவர் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ். ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். நாய்களின் எச்சிலை அளந்துகொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். சாப்பாடு வருமுன்பே, அதைக் கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே எச்சில் ஊறியது. பிறகு சாப்பாட்டுக்கு முன் ஏதாவது ஓசை எழுப்பிப் பழக்கினார். நாளடைவில் ஓசை மட்டுமே போதுமானதாயிற்று. சாப்பாடு தராமல் ஓசையை மட்டும் எழுப்பிக்கொண்டே இருந்தால் பழக்கம் தேயும்; ஆனால் கொஞ்சம் இடைவெளி விட்டால் மறுபடி தலைகாட்டும்.

பசி மட்டுமல்ல, பயமும் இப்படியே பழகும். 1920-இல் அமெரிக்காவில் வாட்சன் என்பவர் பதினோரு மாதக் குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டினார். அது தொடப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைகளிலேயே குழந்தை எலியைக் கண்டு அழுதது. பின்பு முயலைக் கண்டும் அழுதது. இன்று அப்படி ஒரு சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

ஆனால் நம் வகுப்பறைகளில் அது தினமும் நடந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வாத்தியார் வாசிக்க வாசிக்க எழுதும் ‘திக்தே’ எங்களுக்கு உண்டு. ஐந்து பிழைக்குப் பூஜ்யம். கூடவே விரல் முட்டியில் ரூல்தடி. அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலும், மேலதிகாரி சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்கும்போது என் விரல்கள் மடங்கிக்கொள்ளும். அவர் ஒன்றும் செய்ததில்லை. விரலுக்கு அது தெரியவில்லை.

இதை அனுபவித்த நானே அதைச் செய்தேன். எண்பதுகளில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும் மகளை உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வேன். தப்பினால் தலையில் குட்டு. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவள் சொன்னாள்: “நீங்க வந்து சைக்கிள் ஸ்டாண்ட் போடுற சத்தம் கேட்டாலே எனக்கு வயித்தை வலிக்கும்ப்பா.” பாவ்லோவின் நாய்க்குக் காலடிச் சத்தம் சோற்றைச் சொன்னது. என் மகளுக்குத் தகப்பன் வரும் சத்தம் குட்டைச் சொன்னது. அவள் கணக்கைக் கைவிட்டதற்கு அறிவுக்குறைவு காரணமில்லை.

மாற்று வழியும் பழைய காலத்திலேயே இருந்தது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்னும் மூன்று வயதுப் பையனைப் பற்றி எழுதினார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு முயலைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலோடு விளையாடினான். அவசரப்பட்டால் தின்பண்டத்தின் மேலேயே பயம் ஒட்டிக்கொள்ளும் என்றும் எச்சரித்தார்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது. வீட்டுக்குள் நாம்தான் சட்டம்.

போன லீவுக்குப் பேரன் வந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத் தட்டில் வைத்துக்கொண்டு இருவரும் ஏழாம் வாய்ப்பாடு சொன்னோம். ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் ஏழு ஏழாக விரல் விட்டு எண்ணினேன். அவனே திருத்திக்கொண்டான். மறுநாள் அவனே கேட்டான்: “தாத்தா, எட்டாம் வாய்ப்பாடு எப்போ?”

முப்பது வருஷத்துக்கு முன்பே இது எனக்குத் தெரிந்திருக்கலாம்.