துரையின் சுங்கானும் ஸ்டீபனின் தூக்கமும்

இங்கிலீஷ் நாவல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மனப்பாடமாகியிருக்கும். வெளியே மழையோ பனியோ பெய்துகொண்டிருக்கும். உள்ளே கணப்பில் நெருப்பு எரியும். பக்கத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு துரை உட்கார்ந்து, சுங்கானை நிரப்பி, அமுக்கி, பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் கொலையைச் செய்தது யார் என்று சொல்ல ஆரம்பிப்பார். சுங்கான் நடுவில் அணைந்துபோனால் நமக்கு இன்னும் அரைப் பக்கம் தண்டனை. ஷெர்லாக் ஹோம்ஸும் டாக்டர் வாட்ஸனும் முதன்முதலாகச் சந்திக்கும்போது, காரமான புகையிலை நெடி பரவாயில்லையா என்று ஹோம்ஸ் கேட்கிறார். தாமே கப்பல் புகையிலை பிடிப்பவர்தான் என்று வாட்ஸன் பதில் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடியேற ஜாதகப் பொருத்தம் அவ்வளவு போதுமாக இருந்தது!

அந்தத் துரைமார்கள் சுங்கானில் என்னத்தைத்தான் அடைத்தார்கள் என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். லண்டனிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அதைத் தீர்த்துவைக்க ஒரு தட்டையான தகர டப்பியைக் கொண்டுவந்தார். "அசல் இங்கிலீஷ் ஃபிளேக்" என்றார். (ஆய்த எழுத்தை விட்டுவிட்டால் எலி விழுகிற கொள்ளை நோயாகிவிடும், அச்சகத்தார் கவனிக்க வேண்டும்.)

நாம் அறிந்த புகையிலை இரண்டு விதம்: வெற்றிலையோடு போடும் கட்டைப் புகையிலை, பீடிக்குள் இருக்கும் தூள். டப்பிக்குள் இருந்தது இரண்டுமல்ல. பழுப்பு நிறத்தில், மெல்லிய நறுக்குகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். பரணிலிருந்து எடுத்த ஏட்டுச்சுவடியைப் பாதியாகத் தறித்து டப்பியில் போட்ட மாதிரி இருந்தது. மோந்து பார்த்தால் உலர்ந்த வைக்கோலும் அத்திப்பழமும் கொஞ்சம் புளிப்பும் கலந்த வாசனை.

இதைப் பிடிப்பதற்கு ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. நறுக்கில் ஈரம் அதிகமாகையால், முதலில் காகிதத்தில் பரப்பி அரைமணி நேரமாவது உலர விட வேண்டும். பிறகு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உதிர்த்துக்கொள்ளலாம்; அல்லது மடித்து அப்படியே சுங்கானில் செருகலாம். எது உத்தமம் என்பது பற்றி அங்கே வடகலை தென்கலைக்குச் சமமான பட்சபாதம் உண்டு. முதல் நெருப்புக்குச்சியில் புகையிலை பொங்கி எழும். அதை அமுக்கிவிட்டு இரண்டாவது குச்சி கிழிக்க வேண்டும். பிறகு சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல் மெள்ள மெள்ள இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் நாக்கு பொத்துப்போகும்.

எல்லாம் விதிப்படியே செய்தேன். ஐந்தாவது குச்சியில் புகை வந்தது. எதிர்பார்த்த காறல் இல்லை. இனித்தது! வாயை ஒட்டுகிற பாகு இனிப்பல்ல. வைக்கோற்போரின் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த மாதிரி ஓர் இனிப்பு. கால்மணி நேரத்துக்கெல்லாம் தலை லேசாகச் சுற்றியது. முதன்முதலாகத் தாம்பூலத்தில் புகையிலை சேர்த்துக்கொண்டவர்களுக்கு இந்த அநுபவத்தை வர்ணிக்கத் தேவையில்லை.

"இதில் சர்க்கரை சேர்க்கிறார்களா?" என்று நண்பரைக் கேட்டேன்.

"குந்துமணி அளவுகூடக் கிடையாது. இங்கிலாந்தில் சேர்த்தால் குற்றம் என்று ரொம்ப காலம் சட்டமே இருந்தது" என்றார்.

அப்படியானால் இனிப்பு எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முந்நூறு வருஷத்துச் சரித்திரம் வருகிறது.

முதலாவதாக வருகிறவர் ஜேம்ஸ் மன்னர். அவருக்குப் புகையிலை என்றால் வேப்பங்காய். 1604-ல் அதைக் கண்டித்துத் தம் கைப்பட ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். அதே வருஷம் ராத்தலுக்கு இரண்டு பென்ஸாக இருந்த வரியை ஆறு ஷில்லிங் பத்துப் பென்ஸாக, அதாவது 41 மடங்காக உயர்த்தினார். ஜனங்கள் புகைப்பதை நிறுத்தினார்களோ? இல்லை, சுங்கானின் வாயைத்தான் சிறியதாக்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் களிமண் சுங்கான்கள் இங்கிலாந்தில் தோட்டம் கொத்தும்போதெல்லாம் அகப்படுகின்றன. சுண்டு விரல் நுனி நுழைந்தால் அதிகம். சாமானியர்கள் அவற்றைத் தேவதைகள் பிடித்த சுங்கான் என்று நினைத்ததுண்டு. தேவதைகள் அல்ல, விலைவாசிதான்!

1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்பவர் வர்ஜீனியாவில் நல்ல ஜாதிப் புகையிலையைப் பயிரிட்டுக் காட்டினார். புகையை வெறுத்த மன்னர் புகையிலிருந்து வந்த பணத்தை வெறுக்கவில்லை. 1619-ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த வருஷம் லண்டன் சுங்கான் செய்வோர் சங்கத்துக்கு ராஜ முத்திரையுடன் சாசனம் கிடைத்தது. அந்த வருஷக் கடைசியில், இங்கிலாந்து மண்ணில் புகையிலை பயிரிடக் கூடாது என்று பிரகடனம் பிறந்தது. உள்ளூர்த் தோட்டத்தில் விளைந்தால் துறைமுகத்தில் வரி வசூலிப்பது எப்படி? அதே வருஷம் வர்ஜீனியாக் கரையில் ஒரு கப்பல் இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்களை இறக்கி, உணவுப் பொருளுக்குப் பண்டமாற்றாக விற்றுவிட்டுப் போயிற்று. மூன்று செய்திகளும் வெவ்வேறு ஏடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கென்னவோ மூன்றும் ஒரே கதையின் மூன்று வரிகளாகத் தோன்றுகின்றன.

தடையை எல்லாரும் மதித்துவிடவில்லை. கிளாஸ்டர்ஷயரில் வின்ச்கோம் என்னும் ஊர்க்காரர்கள் அரை நூற்றாண்டு காலம் பிடிவாதமாகப் பயிரிட்டார்கள். 1667-ல்கூட அந்த ஊர்ப் பயிரை அழிக்கக் குதிரைப் படை போனதைப் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். புகையிலைச் செடியோடு யுத்தம் செய்த ராணுவம் உலகத்தில் அதிகம் இராது.

ஆகவே, இங்கிலாந்து பிடித்த புகையிலையெல்லாம் கடல் கடந்துதான் வந்தது. காய்ந்த இலையைத் தளர்வாக ஏற்றினால் கப்பலில் இடம் போதாது. பெரிய மரப்பீப்பாய்களில் போட்டுத் திருகி அழுத்தி, ஒரு பீப்பாயில் ஆயிரம் ராத்தல் வரை அடைத்தார்கள். கப்பலில் மாலுமிகளும் தங்கள் பங்கு இலையை ரம் தெளித்துச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கக் கட்டிவைத்து, சில வாரம் கழித்துக் கத்தியால் சீவிச் சீவிப் பிடித்தார்கள். அழுத்தி வைத்த இலைக்கு ருசி கூடுகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. டப்பிகளில் 'நேவி கட்' என்று போட்டிருப்பதன் பூர்வீகம் இதுவே.

பிறகு வியாபாரிகள் அதையே சாஸ்திரோக்தமாகச் செய்தார்கள். இலையின் நடுநரம்பை உரித்து, நீராவியில் பதமாக்கி, அச்சில் அடுக்கி, சூட்டோடு பொறியில் அழுத்தினால் பொன்னிற இலை பழுப்பாகிக் கட்டியாக வெளிவரும். அதை மெல்லிசாக நறுக்கினால் ஃபிளேக். பிரிஸ்டலில் வில்ஸ், நாட்டிங்காமில் பிளேயர், லிவர்பூலில் ஆக்டன் என்று பெரிய பெயர்கள் எழுந்தன. ஆனால் இந்தக் கலைக்கு க்ஷேத்திரம் என்று சொன்னால் வடக்கே ஏரி மாவட்டத்தின் வாசலில் உள்ள கென்டல் என்ற சிற்றூர்தான். 1792-ல் தாமஸ் ஹாரிஸன் என்பவர் கிளாஸ்கோவில் தொழில் கற்று, யந்திரங்களோடு திரும்பி வந்து அங்கே மூக்குப்பொடி அரைக்க ஆரம்பித்தார். அந்த வழியில் வந்ததுதான் ஸாமுவேல் காவித் என்ற பெயர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பொடி யந்திரம் ஒன்று இருபதாம் நூற்றாண்டிலும் அங்கே சளைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ரோஜாவும் ஜெரேனியமும் மணக்கும் கென்டல் ஃபிளேக் ஒன்றுண்டு. சிலருக்கு அது பரிமளம். வேறு சிலருக்குப் பாட்டியின் சோப்புப் பெட்டி.

இனி, நண்பர் சொன்ன சட்டம். 1842-ல் பார்லிமெண்டு, புகையிலை தயாரிப்பவர்கள் சர்க்கரை, பாகு, வேறு இலைகள் எதுவும் கலக்கக் கூடாது என்று விதித்தது. தண்ணீர் தெளிக்கலாம், அவ்வளவுதான். ஜனங்களின் நாக்கின் மேல் கருணை கொண்டு செய்த சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். வரி எடைக்கு. புகையிலை ராத்தலுக்கு மூன்று ஷில்லிங் வரி. நூறு ராத்தல் இலையில் இருபது ராத்தல் பாகை ஏற்றினால் அந்த இருபதுக்கும் கஜானாவுக்கு நாமம்! 1863-ல் இனிப்பூட்டிய புகையிலைக்குக் கொஞ்சம் வழிவிட்டார்கள், அதுவும் சுங்கக் கிடங்கின் காவலுக்குள்ளே. இங்கிலீஷ் புகையிலையின் புகழ்பெற்ற கலப்படமற்ற தன்மை ரசிகர்களால் வந்ததல்ல. வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தர்களால் வந்தது.

சட்டம் சர்க்கரையைத் தடுத்தது. ஆனால் இலைக்குள்ளேயே சர்க்கரை இருந்தால்?

ஆதியில் வர்ஜீனியாவிலிருந்து வந்த இலை கறுப்பு, காரம். அதைப் பதம் செய்ய மரக்கட்டைக் கொட்டிலில் கோல்களில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டு, தரையில் விறகுத் தீ மூட்டுவார்கள். தீ பெரிதானால் கொட்டிலே போய்விடும். அணைந்தால் இலை பூசணம் பிடிக்கும். ஆகையால் இரவு பகல் யாராவது விழித்திருக்க வேண்டும். விழித்திருந்தவர்கள் அடிமைகள்.

1839-ஆம் வருஷம், வர்ஜீனியா எல்லையை ஒட்டி வட கரோலினாவில் காஸ்வெல் ஜில்லா. அபிஷா ஸ்லேடு என்ற பண்ணையாரின் கொட்டிலில் ஓர் இரவு காவல் இருந்தவன் ஸ்டீபன். வயது பதினெட்டு இருக்கும். பகலில் கொல்லுப்பட்டறையிலும் வேலை. மழைக்காலம், கொட்டிலின் கதகதப்பு, பையன் தூங்கிவிட்டான். விழித்துப் பார்த்தால் தீ அணையும் தறுவாயில் இருக்கிறது. விறகோ ஈரம். எஜமானின் புகையிலையைப் பாழாக்கிய அடிமைக்கு என்ன கிடைக்கும் என்பதை ஸ்டீபனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டறைக்கு ஓடினான். அங்கே குவித்திருந்த அடுப்புக்கரியை வாரிக்கொண்டு வந்து தணலில் கொட்டினான். குப்பென்று சூடு எழுந்தது. புகை இல்லாத, கடுமையான சூடு. மேலே தொங்கிய இலைகள் மஞ்சளாக மாறத் தொடங்கின. மாறிக்கொண்டே போய்ப் பொன்னிறமாகவே நின்றுவிட்டன.

நடந்தது இதுதான்: பச்சை இலை மஞ்சளாகும்போது அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிறது. மெதுவாகக் காய்ந்தால் இலை அந்தச் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடும். சட்டென்று கடும் சூடு பட்டால் இலை அந்த நிலையிலேயே செத்து, சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். கென்டலிலோ பிரிஸ்டலிலோ அதை அழுத்திச் சூடாக்கும்போது பழுப்பாகிக் கனிந்த வாசனை பெறுவதும் அந்தச் சர்க்கரையால்தான். கால்மணி நேரம் என் நாக்கில் இருந்த இனிப்பு அதுவே.

அந்த ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொன்னால் சரித்திரக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்கு முன்பே அங்கங்கே மஞ்சள் இலை உண்டு. ஸ்டீபனின் தற்செயலைச் சீரான முறையாக்கப் பல வருஷம் பிடித்தது. பிற்பாடு தரையில் நெருப்பு வைப்பதை விட்டு, இரும்புக் குழாய்கள் வழியே சூட்டை மட்டும் உள்ளே விட்டுப் புகையை வெளியே அனுப்பினார்கள். ஆனால் 1850-களில் அபிஷா ஸ்லேடு அந்த முறையைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்துப் பெயரும் பணமும் சம்பாதித்தார் என்பது நிச்சயம். வேறெதுவும் விளையாத மணல் காடெல்லாம் பொன் விளையும் பூமியாயிற்று, ஏனெனில் இந்த இலைக்கு ஏழை மண்தான் ஒத்துக்கொள்ளும்.

நாம் பழமையின் சின்னம் என்று எண்ணும் பொன்னிற ஃபிளேக் இந்தத் தூக்கத்துக்குப் பிற்பட்டதுதான். கென்டலில் பொடி அரைக்கத் தொடங்கியபோது ஸ்டீபன் பிறக்கவே இல்லை.

பொன்னிற இலையின் புகைக்கு இன்னொரு குணம் உண்டு: நெஞ்சுக்குள் இழுக்கலாம், இருமாது. சுங்கான்காரர்களும் சுருட்டுக்காரர்களும் பெரும்பாலும் வாயோடு நிறுத்திக்கொண்டவர்கள். 1881-ல் அமெரிக்காவில் பான்ஸாக் சிகரெட் சுற்றும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1883-ல் வில்ஸ் கம்பெனி இங்கிலாந்துக்கு அதை வாங்கியது. இதமான இலையும் வேகமான யந்திரமும் சேர்ந்துகொண்டன. அதன் விளைவை 1950-ல் டாலும் ஹில்லும் நுரையீரல் புற்றுநோயாளிகளின் கணக்கோடு வெளியிட்டார்கள். சுங்கான் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். அது உதட்டையும் நாக்கையும் பார்த்துக்கொள்ளும். டப்பியில் மிச்சமிருந்ததை நான் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நம் பக்கத்துக்கும் அந்த இலை வந்தது. சாம்ராஜ்யத்துக்குள் விளைந்த புகையிலைக்கு இங்கிலாந்து 1919-ல் வரிச் சலுகை கொடுத்தது. 1920-களில், அப்போது சென்னை ராஜதானியில் இருந்த குண்டூர் ஜில்லாவில், குழாய்ச் சூட்டுக் கொட்டில்கள் எழும்பின. அங்கேயும் இரவெல்லாம் கண் விழித்துச் சூட்டைக் கவனிக்க ஆட்கள் வேண்டியிருந்தது.

பழைய இங்கிலீஷ் டப்பிகளின் மேல் படங்கள் பிரமாதமாக இருக்கும். பிளேயர் டப்பியில் தாடி வைத்த மாலுமி. இன்னொன்றில் மூன்று கோட்டை. வேறொன்றில் மூன்று கன்னிகாஸ்திரீகள். கறுப்பு முகம் ஒன்றை, கொட்டிலில் கரி வாரிக் கொட்டும் கோலத்தில், நான் பார்த்த எந்த டப்பியிலும் காணவில்லை.

ஸ்டீபன் விடுதலையைக் கண்ணால் பார்த்தார். 1886-ல் பத்திரிகைக்காரர் ஒருவர் அவரைத் தேடிப்போய்க் கேட்டார். அப்போது அவருக்கு அறுபதுக்கு மேல். தாம் எதையும் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. உள்ளதைச் சொல்வதானால் அது தற்செயல் என்றார். இலை மஞ்சளாகிக்கொண்டே போனதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.