சேலம் பரிபாஷைச் சங்கமும் பள்ளிகளுக்கான செயற்கை நுண்ணறிவுக் கலைச்சொற்களும்

சேர்வராயன் மலையடியில் உள்ள சேலம் நகரில், அங்கு வழக்கறிஞராகத் தொழில் புரிந்துவந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1916-ஆம் ஆண்டு அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் உருவாக்குவதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அன்றைய வழக்கில் கலைச்சொல் 'பரிபாஷை' எனப்பட்டது. வேதியியல், இயற்பியல், தாவரவியல், வானியல், கணிதம் முதலிய துறைகளின் சொற்களைத் தொகுப்பதும் அவற்றை அறிஞர்களின் கருத்துக்கு வைப்பதும் சங்கத்தின் பணிகளாயின. அடுத்த ஆண்டே, 1917 ஜூன் மாதத்தில், மலைமேல் ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி ஆங்கிலக் கல்விக்கென எழுந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட மலைப்பாதை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பள்ளி நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. சங்கமோ சில ஆண்டுகளில் ஓய்ந்தது. இவ்வேறுபாட்டுக்கான காரணம், பள்ளி மாணவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவின் அடிப்படைச் சொற்களை வகுக்க முனையும் இக்காலத்திற்கும் உரியதாகும்.

சங்கத்தின் இதழைப் பற்றிப் புதுச்சேரியில் இருந்த பாரதியார் 'பரிபாஷை சேகரிக்க ஓர் உபாயம்' என்னும் கட்டுரையில் கருத்துரைத்தார். முயற்சியை வரவேற்ற அவர், தமிழ்ச் சொற்களை ஆராயும் இதழ் ஆங்கிலத்தில் நடத்தப்படுவதன் பொருந்தாமையைச் சுட்டினார். காசி நாகரி பிரசாரிணி சபையார் வகுத்துவந்த வடமொழிச் சொற்களை இயன்றவரை இந்திய மொழிகள் அனைத்தும் ஒருங்கே ஏற்கலாம் என்பது அவர் கூறிய வழி. பின்னர் இவ்வழி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. எனினும் அவருடைய முதற்குறை கூரியது. அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. ஆகவே சேலத்தில் உருவான சொல்லைக் கேட்கவோ எழுதவோ பிழை கண்டு திருத்தவோ ஒரு வகுப்பறை இல்லை. சொல் இருந்தது; அதைச் சொல்ல வேண்டிய மாணவன் இல்லை.

1936-இல் விபுலானந்த அடிகள் தலைமையில் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாடும், அதன் பயனாகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் வெளியிட்ட 'கலைச்சொற்கள்' தொகுதியும் மாறுபட்ட சூழலில் பிறந்தவை. அப்போது தாய்மொழிவழிக் கல்வி உயர்நிலைப் பள்ளிகளை எட்டத் தொடங்கியிருந்தது. மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவரும் அதே சேலத்து இராஜகோபாலாச்சாரியாரே. 1940-இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைந்த குழு வடமொழிச் சார்பு கொண்டதாகக் கருதப்பட்டதால் தமிழறிஞர்களின் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. சொல்லின் வேர் எம்மொழிக்குரியது என்னும் வினாவே அடுத்த பல்லாண்டுகளுக்குச் சொல்லாக்க விவாதத்தின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரே மாணவன் ஒரே நாளில் இரு பாடங்களில் ஒரு சொல்லை இரு பொருளில் சந்திக்கிறானா என்னும் வினா பின்தள்ளப்பட்டது.

செயற்கை நுண்ணறிவுச் சொற்களில் இப்பின்னுள்ள வினாவே முதன்மை பெறுகிறது. 'நுண்ணறிவு' என்பதில் இடர் இல்லை. கல்வி உளவியல் நூல்களில் 'நுண்ணறிவு ஈவு' என நெடுங்காலமாக வழங்கும் சொல்லே கணினித்துறைக்கு வந்துள்ளது. ஜான் மெக்கார்த்தியும் பிறரும் 1955-ஆம் ஆண்டு முன்மொழிவில் இத்துறைக்குப் பெயரிட்டபோது மனித மனத்துக்குரிய சொல்லையே எந்திரத்துக்கு ஏற்றினர் என்பதால், தமிழ்ப் பெயர் மூலத்தின் துணிவையும் அதன் மயக்கத்தையும் ஒருங்கே பெற்றிருக்கிறது.

'நெறிமுறை' என்பதன் நிலை வேறு. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் அல்காரிதம் 'நெறிமுறை' எனப்படுகிறது. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் புரோட்டோகாலும் 'நெறிமுறை'யே. பொதுவழக்கில் அச்சொல் அறஞ்சார்ந்த ஒழுங்கையும் குறிக்கும். எனவே 'செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகள்' என்னும் தலைப்பைக் காணும் மாணவர், அது கணக்கிடும் வழியைப் பற்றியதா, அறத்தைப் பற்றியதா என்று அறிய இயலாது. கணினி அறத்துக்கு 'நன்னெறி' என்னும் சொல்லைப் பதினொன்றாம் வகுப்புப் பாடம் முன்பே ஆண்டிருப்பதால், இச்சிக்கலின் ஒரு பாதிக்கேனும் தீர்வு கைவசம் உள்ளது.

'மாதிரி' இன்னும் நுட்பமான சிக்கல். மாடல், சாம்பிள் ஆகிய இரண்டையும் அச்சொல் குறிக்கிறது. பிற துறைகளில் இதனால் பெரும் இழப்பில்லை. எந்திரக் கற்றலிலோ சாம்பிள்களைக் கொண்டுதான் மாடல் பயிற்றப்படுகிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தாக வேண்டும். 'மாதிரிகளைக் கொண்டு மாதிரியைப் பயிற்றுதல்' என்பது எவருக்கும் விளங்காது. நிகழ்தகவுப் பாடத்தின் 'கூறுவெளி'யிலிருந்து 'கூறு' என்பதைச் சாம்பிளுக்கு எடுத்துக்கொண்டால் 'மாதிரி'யை மாடலுக்கு மட்டும் உரியதாக்கலாம்.

பயஸ் என்பதற்குச் 'சார்பு' எனப் பெயர்க்கும் வழக்கம் பரவலானது. ஆனால் பத்தாம் வகுப்புக் கணிதத்தின் முதல் இயலே உறவுகளையும் சார்புகளையும் பற்றியது. அங்குச் சார்பு என்பது ஃபங்ஷன். மாற்றாகச் 'சாய்வு' என்றால், அது ஆயத்தொலை வடிவியலில் நேர்க்கோட்டின் சாய்வோடு மோதும். இலங்கைத் தமிழில் இயல்பாக வழங்கும் 'பக்கச்சார்பு' இவ்விரு மோதல்களையும் தவிர்க்கிறது. 'பாரபட்சம்' வடமொழி வேருடையதாயினும் எல்லாருக்கும் விளங்கும். வேரை நோக்கி அதை விலக்குவோர், விளக்கத்தில் அதற்கு ஈடானதைத் தருதல் வேண்டும்.

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2019–20 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக்கியது. ஆங்கிலவழியில் பயிலும் ஏற்காட்டு விடுதிப் பள்ளி மாணவருக்குத் தமிழ்ச் சொல் ஒரு கூடுதல் அறிவு மட்டுமே. அதே மலையில் அரசுப் பள்ளிகளிலும் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் தமிழில் பயிலும் மலையாளிப் பழங்குடிச் சிறாருக்கோ இக்கருத்துகளை அடையும் முதல் வாயில் அதுவே. பயிற்சித் தரவில் தம்மைப் போன்றோர் இடம்பெறாவிடில் கருவியின் கணிப்பு தமக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்பதை அவர்கள் உணர வேண்டிய இடத்தில், 'தரவில் சார்பு உள்ளது' என்னும் தொடர் கணிதப் பாடத்தின் நினைவையே எழுப்புகிறது.