பெயர் கேட்கவில்லை, ஆனாலும் ஆள் தெரிந்தது: ஐ.பி. முகவரியும் நம் சட்டமும்

பொம்மையார்பாளையத்தில் கடல் அரிப்பு பற்றி ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தோம். கல்லூரி புராஜெக்ட்தான். ஜெராக்ஸ் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று இணையப் படிவம் ஒன்று தயார் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். தூண்டில் வளைவு வேண்டுமா, படகு நிறுத்த இடம் இருக்கிறதா, யார் மீது வருத்தம் என்றெல்லாம் கேள்விகள். மேலே கொட்டை எழுத்தில் "உங்கள் பெயர் கேட்கப்படாது" என்று வேறு போட்டிருந்தோம்.

பதில்களை இறக்கிப் பார்த்தபோது, நாங்கள் கேட்காத ஒன்று கடைசிக் கட்டத்தில் வரிசையாக நின்றது. புள்ளி வைத்த எண்கள். பதில் போட்ட ஒவ்வொருவரின் ஐ.பி. முகவரியையும் மென்பொருள் தானாகவே எழுதி வைத்திருந்தது! மூன்று பதில்களுக்கு ஒரே எண், பத்து நிமிட இடைவெளியில். அந்தத் தெருவில் வயர் இணைப்பு உள்ள வீடுகள் மிகக் குறைவு. எந்த வீடு என்று ஊகிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த மூவரில் ஒருவர் ஊர்ப் பெரியவர்களைப் பற்றிக் காரசாரமாக எழுதியிருந்தார். எனக்குத் தூக்கம் போயிற்று.

இப்படி எண்ணைச் சேர்ப்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? தேடியபோது ஒரு பெரிய கதையே கிடைத்தது.

முதலில் அந்தரங்கம் என்ற உரிமையே நம் நாட்டில் தடுமாறித்தான் வந்தது. 1954-ல் எம்.பி. சர்மா வழக்கு, 1962-ல் கரக் சிங் வழக்கு. இரண்டிலும் அதற்குத் தனி அடிப்படை உரிமை என்ற இடத்தை உச்ச நீதிமன்றம் தரவில்லை. கரக் சிங் வழக்கில் போலீஸ் நள்ளிரவில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவது தவறு என்றார்கள். மற்றக் கண்காணிப்பு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு 1994-ல், நம் ஊர் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில், 'என்னை என்பாட்டுக்கு விடு' என்று சொல்லும் உரிமை வாழ்வுரிமைக்குள்ளேயே இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. (ஒரு கொலைக் குற்றவாளியின் கதையிலிருந்து நமக்கு இப்படி ஒரு உரிமை தெளிவானது வேடிக்கைதான்.)

அதற்கு அடுத்த ஆண்டு, 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. அதன் கவனம் மின்வணிகத்திலும் கணினிக் குற்றத்திலும்தான். ஐ.பி. முகவரியைப் போலீஸ் குற்றவாளியைப் பிடிக்கும் தடயமாகப் பார்த்தது. அது ஒருவருடைய சொந்தத் தகவல் என்ற எண்ணமே அன்று எழவில்லை.

அந்தத் தடயம் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு 2007 சாட்சி. ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வந்ததாகப் புனே போலீசில் வழக்கு. ஐ.பி. முகவரியை வைத்து இணைய நிறுவனத்திடம் கேட்டார்கள். நிறுவனம் கொடுத்த விவரம் தவறு. பெங்களூரில் இருந்த ஒரு மென்பொருள் பொறியாளரை ஆகஸ்ட் மாதம் கைது செய்து கொண்டுபோனார்கள். சம்பந்தமே இல்லாத அந்த மனிதர் சுமார் 50 நாள் சிறையில் இருந்தார். இணைப்புகளுக்கு மாறி மாறித் தரப்படும் எண் அது. எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்று பார்ப்பதில் ஒரு பிழை, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகாவது சட்டம் விழித்துக்கொண்டதா? பாதிதான். 2011 ஏப்ரலில் வந்த விதிகள் கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு, கைரேகை போன்றவற்றை 'நுண்ணுணர்வுத் தகவல்' என்றன. ஐ.பி. முகவரி பட்டியலில் இல்லை. அதே மாதம் வந்த இன்னொரு விதியோ, பிரவுசிங் சென்டர்கள் வருபவரின் அடையாளத்தையும் பார்த்த தளங்களையும் ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்றது. ஒரு கை மூடியதை மறு கை திறந்தது!

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி நடந்தது. பாட்ரிக் பிரேயர் என்ற ஜெர்மன் அரசியல்வாதி, அரசுத் தளங்கள் தன் ஐ.பி. முகவரியைச் சேமிப்பதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2016 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், மாறும் ஐ.பி. முகவரி கூட, ஆளைக் கண்டுபிடிக்கச் சட்டப்படியான வழி தளத்துக்கு இருந்தால், தனிநபர் தகவல்தான் என்று தீர்ப்பளித்தது. 'கண்டுபிடித்துவிட்டாயா' என்பது கேள்வியல்ல, 'கண்டுபிடிக்க முடியுமா' என்பதுதான் கேள்வி. எங்கள் தெருவுக்கு அப்படியே பொருந்துகிறது.

இங்கே 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். எம்.பி. சர்மாவும் கரக் சிங்கும் அந்த விஷயத்தில் காலாவதி. அதன் பிறகும் 6 ஆண்டு காத்திருந்து, 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவரை அடையாளம் காண உதவும் எந்தத் தகவலும் தனிநபர் தகவல் என்கிறது அது. ஐ.பி. என்ற சொல்லே அதற்குத் தேவைப்படவில்லை. எதற்காகச் சேர்க்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி தர வேண்டும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம்.

ஆராய்ச்சிக்குச் சலுகை உண்டு. ஆனால் அந்தத் தகவலை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, தேவையான அளவுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. நாங்கள் தேவையே இல்லாமல் சேர்த்திருந்தோம்.

கடைசிக் கட்டத்தை அழித்தோம், எல்லாப் பிரதிகளிலும். படிவத்திலும் அந்த வசதியை நிறுத்தினோம். "ஒரே ஆள் பத்து தடவை பதில் போட்டால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று வழிகாட்டி ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் எண்ணை வைத்துக் கழித்திருந்தால், ஒரு வீட்டிலிருந்து நேர்மையாகப் பதில் சொன்ன மூன்று பேரில் இரண்டு பேர் போயிருப்பார்கள். செல்போன் இணைப்பிலோ முன்பின் தெரியாத பலர் ஒரே எண்ணில் இருப்பார்கள். அதனால் இரண்டாவது சுற்றுக்குத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனோம். ஜெராக்ஸ் செலவு 340 ரூபாய்.