சமூக ஊடகங்களில் படவிளக்கம்

சமூக ஊடகங்களில் பகிரப்படும் படம் எதைக் காட்டுகிறது என்பதைப் பார்வையற்றோர் அறிந்துகொள்ள அதனுடன் சேர்க்கப்படும் சிறு விவரிப்பே படவிளக்கம். 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்ற பெயரே புழக்கத்தில் அதிகம். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான், விளக்கமில்லாத படத்துக்கு வந்ததும் "படம்" என்று மட்டும் சொல்லும். சில நேரம் கோப்பின் பெயரை எண் எண்ணாக ஒப்பிக்கும்.

இதற்கான தீர்வு சமூக ஊடகங்களைவிட மூத்தது. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 ஒவ்வொரு படத்துக்கும் மாற்று எழுத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் அது வலைப்பக்கம் வடிவமைப்பவருக்கான விதி. ஃபேஸ்புக்கில் கல்யாணப் படம் போடுபவருக்கு விளக்கம் எழுத இடமே இருக்கவில்லை.

தொடக்க முயற்சிகள் நிறுவனங்களுக்கு வெளியிலிருந்து வந்தன. ட்விட்டரைத் திரைவாசிப்பானுக்கு ஏற்றபடி வழங்கும் 'ஆக்ஸஸிபிள் ட்விட்டர்' தளத்தை 2009இல் டென்னிஸ் லெம்ப்ரீ உருவாக்கினார். பின்னர் அது 'ஈஸி சர்ப்' ஆனது.

2016இல் ட்விட்டர், ஃபேஸ்புக் இரு நிறுவனங்களும் சில நாள் இடைவெளியில் களமிறங்கின. மார்ச் இறுதியில் ட்விட்டர், 420 எழுத்துக்குள் விளக்கம் எழுதும் வசதியைத் தந்தது. அமைப்புகளுக்குள் தேடிப் போய் இயக்கினால்தான் அது கிடைத்தது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. எல்லோருக்கும் நேரடியாகக் கிடைத்தது 2020இல்தான். ஏப்ரலில் ஃபேஸ்புக் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. பார்வையற்ற பொறியாளர் மேட் கிங் இந்த முயற்சியின் முகமாக அறியப்பட்டார். "படத்தில் இருக்கக்கூடியவை: மூன்று பேர், சிரிப்பு, வெளிப்புறம்" என்ற பாணியில் அது ஆங்கிலத்தில் பேசியது. முதலில் சுமார் 100 பொருள்களையே அடையாளம் கண்டது. 2021இல் அந்த எண்ணிக்கை 1,200ஐத் தாண்டியது. 'இருக்கக்கூடியவை' என்ற தயக்கம், தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல். ஆனால் சிரிக்கிற மூவர் யார்?

2017 டிசம்பரில் அதற்கும் வழி வந்தது: முகத்தை அடையாளம் காணும் நுட்பத்தைக் கொண்டு படத்தில் இருக்கும் நண்பரின் பெயரை ஃபேஸ்புக் சொல்லத் தொடங்கியது. அந்தரங்க உரிமை குறித்த எதிர்ப்பு வலுத்ததால் 2021 நவம்பரில் முகமறியும் அமைப்பு முழுவதையும் மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. எதிர்ப்பு நியாயமானது. ஆனாலும் பெயர் கேட்டுப் பழகியவர்களுக்கு அது இழப்புதான்.

ட்விட்டரின் கதை இன்னும் ஏற்ற இறக்கமானது. 2020 ஜூனில் எழுத்து வடிவம் இல்லாமலே குரல் ட்வீட் வெளிவர, காது கேளாதோர் கொதித்தார்கள். மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல்தன்மைக்கென்று அங்கே தனிக்குழு இல்லை, ஊழியர்கள் தங்கள் வேலைக்கு மேல் தன்னார்வமாகவே அதைக் கவனித்து வந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. செப்டம்பரில் குழுக்கள் அமைந்தன. 2022 ஏப்ரலில் விளக்கமுள்ள படங்களில் 'ஆல்ட்' முத்திரை வந்தது. ஈலான் மஸ்க் நிறுவனத்தை வாங்கியபின், அதே ஆண்டு நவம்பரில், அணுகல்தன்மைக் குழுவினர் வேலையிழந்தார்கள். 2023 ஜனவரியில் வெளியார் உருவாக்கிய செயலிகளுக்குத் தடை விழுந்தது. பார்வையற்றோர் பலர் நம்பியிருந்தவை அவை. அவர்களில் ஒரு பகுதியினர் மாஸ்டடான் என்ற இன்னொரு சமூக ஊடகத்துக்குப் போனார்கள். அங்கே விளக்கத்துக்கு 1,500 எழுத்துவரை இடம் உண்டு. விளக்கமில்லாத படத்தை மறுபகிர்வு செய்ய மறுக்கும் பயனர்களும் அங்கே நிறைய.