முகாமிலிருந்து கோப்புக்கு: சஹானா மென்பொருளின் பதிப்புகளும் கிளிவெட்டியும்

திறந்த மூல மென்பொருளொன்றின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் பதிப்பு எண்களை வரிசையாக அடுக்கிவிட்டு நின்றுவிடுவார்கள். எந்தப் பதிப்பில் எந்த வசதி சேர்ந்தது, எந்தப் பிழை நீங்கியது என்பதோடு கதை முடிந்துவிடும். இலங்கையில் பிறந்த பேரிடர் முகாமை மென்பொருளான சஹானாவுக்கு அது போதாது. அதன் ஒவ்வொரு கட்டமும் எதை அடிப்படைப் பதிவாகக் கொண்டது என்று கேட்டால்தான் வளர்ச்சி புலப்படும். ஆளையா, முகாமையா, நிறுவனத்தையா, திட்டத்தையா? இந்தக் கேள்விக்கு அளவுகோலாகத் திருகோணமலை மாவட்டத்தின் கிளிவெட்டியை எடுத்துக்கொள்கிறேன். ஓர் இடைத்தங்கல் முகாம் எவ்வளவு காலம் நீளலாம் என்பதை இலங்கைக்குக் காட்டிய ஊர்களில் அதுவும் ஒன்று.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் 35,000 பேரளவில் காவுகொண்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். நிவாரணத்தை ஒருங்கிணைக்க அரசு கொழும்பில் தேசிய நடவடிக்கை மையத்தை அமைத்தது. சில நாள்களுக்குள் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஊழியர்கள் தன்னார்வமாகக் கூடி அதற்கெனச் சஹானா என்ற இணையச் செயலியை எழுதத் தொடங்கினர். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்கு நிழல் கொடுத்தது. சமிந்திர டி சில்வா திட்டத்தை வழிநடத்தினார். காணாமற்போனோர், உதவி நிறுவனங்கள், முகாம்கள், தேவைகள் என்று கூறு கூறாக வெவ்வேறு கைகள் எழுதிய அந்த முதல் வடிவம் அவசரத்தில் பிறந்தது. அவசரத்தின் தழும்புகளும் அதில் இருந்தன.

ஆகவே 2005இல் சுவீடனின் அபிவிருத்தி உதவி முகவரகமான சீடாவின் நிதியில் எல்லாம் அடியிலிருந்து திருப்பி எழுதப்பட்டது. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்று எங்கும் இலவசமாகக் கிடைப்பவற்றின் மேல் அது நின்றது. காஷ்மீர் நிலநடுக்கம் (2005 ஒக்டோபர்), பிலிப்பைன்சின் தென் லெய்ட்டே மண்சரிவு, ஜாவாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கம் (இரண்டும் 2006) என்று ஒவ்வொரு பேரிடரும் அடுத்த வெளியீட்டுக்கு வேலை வைத்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு அளித்தது. அதற்கு முந்திய ஆண்டு அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா.

இந்தக் காலத்துப் பதிப்புகளில் முகாம் என்பது ஓர் இடம், ஒரு கொள்ளளவு, ஒரு தலைக்கணக்கு. வெள்ளம் வடிந்ததும் மூடப்படும் பாடசாலைக் கட்டடத்துக்கு அது போதும்.

அதே 2006இல் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் கிழக்கில் போர் மூண்டது. சம்பூர்ப் பகுதி மக்கள் மட்டக்களப்புப் பக்கம் ஓடினர். 2007இல் திரும்பக் கொண்டுவரப்பட்டவர்களில் பெருந்தொகையினரால் சொந்த ஊருக்குப் போக முடியவில்லை. சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாகியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தவை கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைப்பறிச்சான் போன்ற இடங்களின் இடைத்தங்கல் முகாம்கள். காணிகள் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பியது 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான். தகரக் கொட்டிலில் பிறந்த பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடும்.

கிளிவெட்டியைக் கொண்டுவருவது அங்கே சஹானா ஓடியது என்று சொல்வதற்காக அல்ல. அத்தகைய முகாமை ஒரு தலைக்கணக்கில் அடக்க முடியாது என்பதற்காக. எட்டு ஒன்பது வருடத்தில் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து குடும்ப அட்டை இரண்டாகும். ஒருவர் மத்திய கிழக்குக்குப் போவார், ஒருவர் இறப்பார், ஒருவர் மணமுடித்து வேறூர் போவார். கிராம சேவகரின் பட்டியல் ஒன்று சொல்லும், உலருணவு கொடுக்கும் நிறுவனத்தின் பட்டியல் வேறொன்று சொல்லும். போதாக்குறைக்குக் கந்தசாமி என்ற பெயரை ஆங்கிலப் படிவத்தில் ஒருவர் ‘டி’ போட்டு நிரப்புவார், இன்னொருவர் ‘ரி.எச்.’ போட்டு நிரப்புவார். தரவுத்தளத்தில் அவர் இரண்டு பேர். பதிவேடு வைத்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மென்பொருள் எழுதியவர்களுக்குத்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

சஹானா அடுத்து நகர்ந்த திசை நிறுவனங்களை நோக்கியது. 2009இல் அமெரிக்காவில் சஹானா மென்பொருள் அறக்கட்டளை பதிவானது. பைத்தான் மொழியில் வெப்டூபை சட்டகத்தின் மேல் ஃபிரான் பூன் முன்னின்று எழுதிவந்த வடிவம், 2010 ஜனவரி ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது களமிறங்கி, ‘ஈடன்’ என்ற பெயரில் நிலைபெற்றது. பிஎச்பி வடிவங்கள் மெல்லப் பின்தங்கின. ஈடனில் யார், எங்கே, என்ன செய்கிறார் என்பதைத் தொடரும் திட்ட முகாமைப் பகுதி வலுத்தது: திட்டம், அதன்கீழ்ச் செயற்பாடு, அதன்கீழ்ப் பணி. பாங்கொக்கின் ஆசியப் பேரிடர் ஆயத்த மையம் ஆசிய பசிபிக் நாடுகளின் இடர்க்குறைப்புத் திட்டங்களைத் தொகுத்த தளம் இதன்மேல் எழுந்ததே. கொடையாளிக்கு இது பெரிய வசதி. முகாமில் இருப்பவருக்கு இதில் இடம் ‘பயனாளி’ என்ற எண்ணிக்கைக் கட்டத்துக்குள்தான்.

வெளியீட்டு முறையும் இக்கட்டத்தில் மாறியது, இதைப் பலர் கவனிப்பதில்லை. முன்பு எண்ணிட்ட பதிப்பொன்று வரும். நிறுவியவர் அடுத்தது வரும்வரை அதிலேயே இருப்பார். ஈடனிலோ மையக் கிளை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ‘டெம்ப்ளேட்’ என்ற தனி அமைப்பு அதே களஞ்சியத்தில் இருக்கும். ஒருவருக்காக எழுதியது மற்றவருக்கும் கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு: அட்டவணையின் அமைப்பு மாறும்போதெல்லாம் பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றத் தெரிந்த ஆள் கூடவே இருக்கவேண்டும்.

மனிதர் மறுபடி பதிவின் நடுவுக்கு வந்தது ஐரோப்பாவில். 2015இல் ஜெர்மனிக்குள் அகதிகள் பெருகியபோது, அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக டொமினிக் கோனிக் எழுதிய டெம்ப்ளேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு திறக்கப்பட்டது. வாசலில் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், உணவு, கைச்செலவுப் பணம், வதிவிட அனுமதியின் நிலை, கடைசியாகக் காணப்பட்ட நாள் எல்லாம் அதில் ஏறும். நீண்டு தங்குதல் என்பதை மென்பொருள் ஒருவழியாக ஒத்துக்கொண்டது. கிளிவெட்டி முகாம் கலையத் தொடங்கிய வருடமும் அதுதான்.

இதை முழு முன்னேற்றமாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. எவர் எப்போது வாசலைத் தாண்டினார் என்ற குறிப்பு, சட்டம் காவல் நிற்கும் நாட்டில் நிர்வாகத் தகவல். போர்க்காலத்து மூதூரில் அது வேறு. இடம்பெயர்ந்தோர் பட்டியல் படையினரின் கைக்கும் போகக்கூடிய சூழலில், தலைக்கணக்கு மட்டும் வைத்த பழைய பதிப்பு தன்னையறியாமலேயே ஒரு காப்பாக இருந்திருக்கும்.

ஈடன் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. திருகோணமலைக் கச்சேரி விரும்பினால் இன்றைக்கே இறக்கி நிறுவலாம். ஒரு சதமும் செலவில்லை. நிறுவிய பிறகு மேம்படுத்தல்களைக் கவனித்து, தரவைப் பேணி, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்கச் சம்பளத்தோடு ஓர் உத்தியோகத்தர் வேண்டும். கொடையாளிகள் மென்பொருள் எழுத நிதி கொடுத்ததுண்டு. அந்தப் பதவிக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதை எந்தப் பதிப்பும் தீர்க்கவில்லை.